கேள்வி பதில்: எல்லாமே ஆன்லைன், அப்புறம் எதற்கு சாஃப்ட் ஸ்கில்ஸ்?

கேள்வி: கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கோடிங் நன்றாக வரும், நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. வேலைக்குப் போனால் எல்லாமே ஆன்லைன்தானே, இந்த சாஃப்ட் ஸ்கில்ஸ் அவசியமா?

பதில்: ஆன்லைன் என்பதால்தான் கூடுதல் அவசியம். நேரில் இருந்தால் உங்கள் முகத்தைப் பார்த்தே புரியவில்லை என்று பக்கத்து நாற்காலிக்காரர் கண்டுபிடித்துவிடுவார், சாட்டில் அதற்கு வழியில்லை. "கோட் ஓடலை, கொஞ்சம் பாருங்க" என்று போட்டால் பதிலுக்கு நாலு கேள்வி வரும், அவர் வேறு நாட்டில் இருந்தால் அதிலேயே ஒரு நாள் போய்விடும். அதையே, "தவறான பாஸ்வேர்டு கொடுத்தால் 500 எரர் வருகிறது, சரியானதற்கு வரவில்லை, நேற்றைய கமிட்டுக்கு (கோடில் சேர்த்த மாற்றத்துக்கு) முன் இது இல்லை, டேட்டாபேஸ் இணைப்பைச் சோதித்துவிட்டேன்" என்று எழுதிப் பாருங்கள். படித்த கையோடு அவர் வேலையைத் தொடங்கிவிடலாம். இதற்கு மேடைப் பேச்சு எதுவும் தேவையில்லை, இன்றைக்கே பழக ஆரம்பிக்கலாம்.

சந்தேகத்தை உரிய இடத்தில் சொல்வதும் இதே திறமைதான். 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்தது. ஒரு மென்பொருள் பவுண்டு கணக்கில் கொடுத்த உந்துவிசை அளவை இன்னொன்று நியூட்டன் கணக்காக எடுத்துக்கொண்டது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாதைக் கணிப்பில் ஏதோ இடிக்கிறது என்று சிலர் முன்பே கவனித்திருந்தார்கள், அது முறைப்படி பதிவாகி மேலே போகவில்லை. குழுக்களுக்கு இடையே தகவல் சரியாகப் போய்ச் சேராததையும் விசாரணைக் குழு ஒரு காரணமாகச் சொன்னது.

கேள்வி: பொறியியல் கல்லூரி ஆசிரியை நான். வாரம் ஒரு மணி நேரம் சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பு எடுக்கிறேன். மாணவர்கள் அதை ஓய்வு நேரமாகத்தான் பார்க்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: வகுப்பை விட்டுவிடச் சொல்லவில்லை, மதிப்பெண்ணை மட்டும் புராஜெக்ட்டுக்குள் கொண்டுபோங்கள். பொறியியல் பட்டப்படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று அங்கீகரிப்பதற்காக 1989-ல் உருவான வாஷிங்டன் ஒப்பந்தம், பட்டதாரிகளிடம் எதிர்பார்க்கும் பண்புகளில் குழுவேலையும் கருத்துப் பரிமாற்றமும் இருக்கின்றன, ஆகவே இது பாடத்துக்கு வெளியே உள்ள விஷயம் இல்லை.

செமஸ்டர் நடுவில் ஒரு டீமின் புராஜெக்ட்டை இன்னொரு டீமிடம் கொடுத்துவிடுங்கள். முதல் வாரம் கேள்வி கேட்கக் கூடாது, எழுதி வைத்த குறிப்புகளை வைத்தே ஓட்டிப் பார்க்க வேண்டும். யார் என்ன எழுதாமல் விட்டார்கள் என்பது தானாக வெளியே வந்துவிடும். கோட் ரிவ்யூவில், அதாவது ஒருவர் கோடை இன்னொருவர் சரிபார்க்கும்போது, போடும் கருத்துகளையும் படியுங்கள்: "இது தப்பு" என்று எழுதியவனைவிட "லிஸ்ட் காலியாக வந்தால் இந்த லூப் என்ன செய்யும்?" என்று கேட்டவனுக்குக் கூடுதல் மதிப்பெண் போடலாம். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைகள் இதில் பிரமாதமாக வருவார்கள்.

இன்னொன்று, நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது: சொன்ன தேதிக்கு முடியாது என்று இரண்டு நாள் முன்பே காரணத்தோடு எழுதிச் சொல்லும் மாணவனுக்கு, தயவுசெய்து அதற்காக மதிப்பெண் குறைக்காதீர்கள்.