உறுமியும் எட்டு சீரோ எட்டும்: இசை பற்றி வாசகர் கேள்வி – பதில்

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புதுப் பாட்டு வகைகளைப் பற்றித்தான். ஒரே மாதிரி கேட்டவர்களின் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

ட்ராப், ட்ரில், அமாபியானோ என்று என் மாணவர்கள் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு எல்லாமே ஒரே ‘டம் டம்’. காதால் எப்படிப் பிரிப்பது?
(தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்)

பாட்டை விட்டுவிடுங்கள் டீச்சர். ஸ்னேர் (‘டப்’ என்று வெட்டி ஒலிக்கும் டிரம்) எங்கே விழுகிறது என்று மட்டும் கேளுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விரல் எண்ணிக்கொண்டே வாருங்கள். இரண்டிலும் நான்கிலும் ‘டப்’ விழுந்து, நடை நிதானமாக நிமிடத்துக்கு 85 முதல் 95 அடிக்குள் இருந்தால் அது பழைய பாணி ரேப். மூன்றில் மட்டும் விழுந்து, மேலே ஹைஹேட் (டிரம் செட்டின் தாளத்தட்டு) ‘ட்ரர்ர்’ என்று மழைத்தூறல் போல ஓடினால் ட்ராப்.

ட்ரில்லுக்கு இரண்டு பார் சேர்த்து எண்ண வேண்டும் (நான்கு அடி சேர்ந்தது ஒரு பார்). லண்டன் பாணியில் முதல் பாரில் மூன்றாவது அடியில் ஸ்னேர் விழும், அடுத்த பாரில் நான்காவது அடிக்குத் தள்ளிப்போகும். அந்த ஒரு தள்ளல்தான் கேட்பவரைத் தடுமாற வைக்கிறது. வேகம் 140-ஐ ஒட்டி இருக்கும். பேஸ் (அடிமட்டக் கீழ் ஒலி) ஒரு சுரத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும்.

அமாபியானோ தென்னாப்பிரிக்காவில் பிறந்தது. வேகம் 110 முதல் 115. கனமான கிக் (‘தும்’ என்னும் பெரிய டிரம் அடி) முன்னால் நிற்காது. ‘லாக் ட்ரம்’ என்னும் மரம் தட்டினாற்போன்ற பேஸ் ஒலியும், விடாமல் குலுங்கும் ஷேக்கரும்தான் அடையாளம்.

கடை கடையாய் ஒலிக்கும் ரெகேட்டோனுக்கு நம்மிடமே சொற்கட்டு இருக்கிறது. ‘தகிட தகிட தக’ என்று சொல்லிப் பாருங்கள். மூன்று, மூன்று, இரண்டு, மொத்தம் எட்டு. அந்தத் தாளத்தின் எலும்பு அதுதான். வகுப்பில் கையைத் தட்டிச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் எந்தப் புதுப் பாட்டிலும் அது ஒளிந்திருக்கும் இடத்தை அவர்களே காட்டுவார்கள்.

90 வேகத்தில் எழுதிய ரேப் வரிகளை ட்ரில் பீட்டில் பாடினால் நாக்கு சுற்றுகிறது. மெதுவாகப் பாடினால் பீட் ஓடிவிடுகிறது. தமிழ் ட்ரில்லுக்கு ஒத்துவராதா?
(படிவம் ஐந்து மாணவர், தாமான் ஒன்றிலிருந்து)

ஒத்துவரும் தம்பி. கணக்கைப் பாருங்கள். 90 வேகத்தில் ஒரு பார் 2.67 வினாடி. 140 வேகத்தில் 1.71 வினாடிதான். உங்கள் வரியில் 14 அசைப்பு (செம்-ப-னைக் என்று வாயில் பிரியும் ஒலித்துண்டு) இருந்தால் முதலாவதில் வினாடிக்கு ஐந்து சொச்சம், வாய்க்குச் சுகம். இரண்டாவதில் எட்டைத் தாண்டிவிடும். தமிழில் ஒற்றெழுத்து நிறைய வரும். ‘ட்ட’, ‘ற்ற’, ‘ம்ப’ எல்லாம் அந்த வேகத்தில் தேய்ந்து, கேட்பவருக்குச் சொல்லே விளங்காது. எனவே ட்ரில்லில் ஒரு பாருக்கு எட்டு அல்லது ஒன்பது அசைப்புக்கு மேல் எழுதாதீர்கள்.

அடுத்த படி இன்னும் நுணுக்கமானது. ஒரு பாரைப் பதினாறு கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். குறில் தனியாக வந்தால் ஒரு கட்டம். நெடில் வந்தாலும், குறிலோ நெடிலோ ஒற்றோடு வந்தாலும் இரண்டு கட்டம். ஒரு வரி போட்டுப் பார்ப்போம்:

செம்பனைக் காட்டுல மழை

செம் 2, ப 1, னைக் 2, காட் 2, டு 1, ல 1, ம 1, ழை 2. மொத்தம் 12. மூச்சுக்கு நான்கு கட்டம் மிச்சம். அடுத்த வரி:

அம்மன் கோயில்ல வெளிச்சம்

அம் 2, மன் 2, கோ 2, யில் 2, ல 1, வெ 1, ளிச் 2, சம் 2. மொத்தம் 14. மிச்சம் இரண்டே கட்டம். அடுத்த வரியைத் தொடங்கும்போது மூச்சு இடிக்கும். ‘வெளிச்சம்’ ஐந்து கட்டம் தின்கிறது, ‘விளக்கு’ நான்குதான். சொல்லை மாற்றினால் ஒரு கட்டம் கிடைக்கிறது. வரி தடுக்குகிறது என்றால் பெரும்பாலும் இப்படி ஒரு கட்டத்தில்தான் தடுக்கும். பீட்டைக் குறை சொல்லுமுன் இதை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. ஆங்கில ரேப் கடைசிச் சொல்லில் ஒத்து முடியும். நாம் அதை இயைபு என்போம். அதை மட்டும் பின்பற்றி ‘போறேன், வாறேன், பாக்கிறேன்’ என்று வினைமுற்றாலேயே வரியை முடித்துக்கொண்டே போனால் நான்காவது வரியில் சலித்துவிடும். தமிழ் வரியின் பலம் முன்னால் இருக்கிறது. மேலே ‘செம்’, ‘அம்’ இரண்டிலும் இரண்டாம் எழுத்து ம். அதுதான் எதுகை. அந்தச் சொல்லை பாரின் முதல் அடியில் நிறுத்துங்கள், வரியின் கனமான சொல்லை ஸ்னேர் விழும் இடத்தில் வையுங்கள். இந்த இரண்டும் சரியாக அமைந்தால் கடைசிச் சொல் ஒத்துவராவிட்டாலும் காது மன்னித்துவிடும்.

எங்கள் உறுமி மேளக் குழுவைப் பதிவு செய்து ட்ரில் பீட்டில் சேர்த்தோம். பேஸ் வந்ததும் உறுமி காணாமல் போகிறது. பாட்டு பாதியில் தாளமும் விலகுகிறது.
(உறுமி மேள இளைஞர்கள், தோட்டக் குடியிருப்பு)

இந்த மாதத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. உறுமியின் ஒரு முகத்தை வளைகுச்சியால் தேய்க்கும்போது வரும் முனகல், ட்ரில்லின் வழுக்குப் பேஸ் செய்வதையேதான் செய்கிறது. ஒரே வேலையை இருவர் செய்வதால்தான் ஒருவர் மறைந்துபோகிறார். இருவருக்கும் முறை பிரித்துக் கொடுங்கள். உறுமி முனகும் பாரில் பேஸை ஒரே சுரத்தில் நிறுத்துங்கள். பேஸ் வழுக்கும் பாரில் உறுமியின் அடிமுகம் மட்டும் பேசட்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

அதற்கு மேலும் மோதினால் உறுமியில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். உறுமி அடி விழும்போதெல்லாம் பேஸ் மூன்று நான்கு டெசிபல் இறங்கும்படி சைட்செயின் வையுங்கள். அதிகம் இறக்கினால் பாட்டு மூச்சு வாங்குவது போலக் கேட்கும்.

பேஸின் சுரத்தையும் பாருங்கள். 1 கட்டையில் பாடுகிறீர்கள் என்றால் அடிமட்ட ‘ச’ 32.7 ஹெர்ட்ஸ். காடியிலும் கைப்பேசியிலும் அது கேட்கவே கேட்காது. ஒரு ஸ்தாயி மேலே 65.4-இல் வையுங்கள். 5 கட்டைப் பாட்டுக்கு 49 ஹெர்ட்ஸ், எட்டு சீரோ எட்டுக்கு (808 என்ற டிரம் இயந்திரத்திலிருந்து வந்த கனமான பேஸ் ஒலி) பொருத்தமான இடம். கைப்பேசியிலும் பேஸ் தெரிய வேண்டுமானால் ஒலியைக் கூட்டாதீர்கள், லேசாக சாச்சுரேஷன் (ஒலியை மெல்லக் கரகரப்பாக்கும் விளைவு) சேருங்கள். மேல் அதிர்வுகள் பிறந்து, காது கீழ் சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

தாளம் விலகுவதற்குக் காரணம் வேறு. உங்கள் அடி திஸ்ரம், ஒரு அடிக்கு மூன்று. பீட் சதுஸ்ரம், ஒரு அடிக்கு நான்கு. மென்பொருளில் கட்டத்தை மூன்றுக்கு மாற்றி, ஹைஹேட்டையும் மூன்று மூன்றாக ஓடவிடுங்கள். ட்ரில்லுக்கு அது அந்நியமல்ல. வேகம் ஏறிக்கொண்டே போவது உறுமிக் குழுவின் இயல்பு, ஊர்வலத்தில் அதுதான் அழகு. பதிவில் மட்டும் முன்னடிக்காரர் ஒருவர் காதில் கிளிக் (சீரான வேகத்தைக் காட்டும் ‘டிக் டிக்’ ஒலி) போட்டுக்கொள்ளட்டும், மற்றவர்கள் அவரைப் பார்த்து அடிக்கட்டும். எல்லோருக்கும் கிளிக் கொடுத்தால் அடி உயிரற்றுப்போகும். பதிவான பின் கணினியில் இழுத்துச் சரிசெய்வது 5 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டினால் தோலின் ஒலி தகரமாகிவிடும்.

பதிவு செய்யும் விதம்: இரண்டு மைக். தேய்ப்புமுகத்துக்கு 30 சென்டிமீட்டர், அடிமுகத்துக்கு 40. இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது கீழ் ஒலி மெலிந்தால் ஒரு மைக்கின் போலாரிட்டியைத் திருப்புங்கள், பல நேரங்களில் அதோடு தீர்ந்துவிடும். அளவு உச்சத்தில் மைனஸ் 10 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. தகரக் கூரை வீட்டில் உறுமியைப் பதியாதீர்கள், கூரையும் கூடவே அடிக்கும். மரத்தடியே மேல். மழைக்கு முன்னும் பின்னும் தோல் ஒரே மாதிரி இருக்காது. ஈரம் ஏறினால் தளர்ந்து சுருதி இறங்கும். ஒரு பாட்டுக்கான எல்லா அடியையும் ஒரே உட்காரலில் முடித்துவிடுங்கள். நாளை வந்து இரண்டு பார் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் ஒட்டாது.

கர்நாடக இசை கற்றவள். ஆட்டோட்யூன் போட்டால் என் கமகம் படிக்கட்டு மாதிரி உடைகிறது. போடாவிட்டால் ‘பழசு’ என்கிறார்கள்.
(பாடகி, சிம்மோர்)

1997-இல் வந்த கருவி அது. சுரத்திலிருந்து விலகும் குரலை அருகிலுள்ள சுரத்துக்கு இழுப்பது அதன் வேலை. கமகமோ சுரத்தை விட்டு விலகித் திரும்புவது. கருவி அதைப் பிழை என்று எடுத்துக்கொள்கிறது. மோகனத்தில் ஐந்து சுரம் மட்டும் பதிந்து வைத்தால், ‘க’விலிருந்து ‘ப’வுக்கு நீங்கள் இழுக்கும்போது நடுவழியெல்லாம் அழிந்து ஒரே தாவலாகிவிடும்.

கருவி குரலை இழுக்கும் வேகத்தைப் பூஜ்யத்திலிருந்து 40 அல்லது 50 மில்லிவினாடிக்குத் தள்ளுங்கள். நின்று ஒலிக்கும் சுரங்கள் மட்டும் திருந்தும். இழுப்பு தப்பிக்கும். பல்லவியை மட்டும் தனித் தடத்தில் வைத்து அந்த எண்ணைப் பூஜ்யத்தை நோக்கி இறக்கினால் இக்கால ஒலியும் கிடைக்கும். எதிரொலி, ரிவெர்ப் எல்லாம் ஆட்டோட்யூனுக்குப் பிறகுதான். முன்னால் போட்டால் கருவி எதிரொலியையும் குரலாக நினைத்துக் குழம்பும். கமகத்தை விட்டுக்கொடுக்காதீர்கள் அம்மா. அந்தக் கருவியை வைத்திருப்பவர் ஆயிரம் பேர், உங்கள் இழுப்பை வைத்திருப்பவர் நீங்கள் மட்டும்தான்.

பழைய படப் பாட்டிலிருந்து ஏழு வினாடி மட்டும் எடுத்து ஸ்லோ செய்து பயன்படுத்தலாமா? எட்டு வினாடிக்குள் என்றால் பிரச்சினை இல்லை என்கிறார்களே?
(மூவர் கேட்டது)

அப்படி ஒரு விதியே கிடையாது. ஒரு வினாடியானாலும் இரண்டு உரிமை உண்டு. மெட்டும் வரியும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. இரண்டுக்கும் அனுமதி வேண்டும். வேகத்தைக் குறைத்தாலும் யூடியூப்பின் அடையாளக் கருவி பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும், வருமானம் உரிமையாளருக்குப் போகும். அதே மெட்டை நீங்களே புதிதாக வாசித்தால் ஒலிப்பதிவு உரிமை தேவைப்படாது. மெட்டின் உரிமை அப்படியே நிற்கும். பாதுகாப்பான வழி, அந்தப் பாட்டின் இராகத்தையும் வாத்தியச் சேர்க்கையையும் புரிந்துகொண்டு புது மெட்டு போடுவது. இராகத்துக்கு யாரும் உரிமை கோர முடியாது.

இதெல்லாம் வெளியூர்ச் சரக்கு. நம் பிள்ளைகளுக்கு எதற்கு?
(பணி ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி)

ஐயா, மலேசியத் தமிழ் ரேப்புக்கு வயது இப்போது ஒரு தலைமுறையைத் தாண்டிவிட்டது. போயட்டிக் அம்மோ குழு 1990-களிலேயே தமிழ் உட்படப் பல மொழிகளில் பாடியது. யோகி பி – நட்சத்ராவின் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு 2006-இல் வந்து தமிழ்நாட்டு இளைஞர்களையும் கேட்க வைத்தது. அந்தச் சரக்கு இங்கிருந்து அங்கே போனது.

பாட்டு தயார். வெளியிடுவதற்கு முன் எதைக் கவனிக்க வேண்டும்? முன்னிசையை வெட்டு என்று நண்பர்கள் சொல்வது சரியா?
(கோலகங்சார்)

முன்னிசை விஷயத்தில் நண்பர்கள் சொல்வதில் காரணம் இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கேட்டால்தான் ஒரு கேட்பாகக் கணக்கு. டிக்டாக்கில் அதற்குள் பத்துப் பாட்டு நகர்ந்துவிடும். அதனால்தான் பல்லவி முன்னால் வந்தது, இடையிசை சுருங்கியது. எங்கள் கருத்து: முன்னிசையை வெட்டாதீர்கள், எட்டு வினாடிக்குள் சுருக்குங்கள், அதிலேயே உங்கள் குரலோ உறுமியோ ஒரு முறை முகம் காட்டட்டும். நாதஸ்வரம் 20 வினாடி தனியாக ஒலிக்கும் பாட்டு என்றால் அப்படியே விடுங்கள். அதைக் கேட்க வருபவர் வேறு ஆள்.

ஒலியளவு: ஸ்பாட்டிஃபை பாட்டுகளை மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சராசரி ஒலியளவின் அலகு) அளவுக்குக் கொண்டுவந்து ஒலிபரப்பும். நீங்கள் மைனஸ் 7-இல் நசுக்கிக் கொடுத்தால் அது இறக்கிவிடும், நசுங்கலும் இழப்பும்தான் மிஞ்சும். உச்சம் மைனஸ் 1 டெசிபலில் நிற்கட்டும். எம்பி3 வேண்டாம், 24 பிட் வேவ் கோப்பு கொடுங்கள். அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல்.

பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனம் ஐஎஸ்ஆர்சி என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீட்டைத் தரும். அது பாட்டின் அடையாள அட்டை, எழுதி வையுங்கள். அதே பாட்டின் ஸ்லோ வடிவத்துக்கு வேறு குறியீடு வேண்டும். உங்கள் பெயரை ஒவ்வொரு முறையும் ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் புதுக் கலைஞராகப் பதிந்து, கேட்பவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுவார்கள். மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள்.

நாள் குறிப்பது நான்கு வாரம் தள்ளியே இருக்கட்டும். ஸ்பாட்டிஃபை தொகுப்பாளர்களுக்குப் பாட்டை முன்மொழிய வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே அது அங்கே ஏறியிருப்பது நல்லது. 2024-இலிருந்து ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்பட்டால்தான் அங்கே ராயல்டி உண்டு. ஆகவே பத்துப் பாட்டை ஒரே நாளில் கொட்டாதீர்கள். ஆறு வாரத்துக்கு ஒன்று விடுங்கள்.

மெட்டமைத்தவரும் எழுதியவரும் படைப்பாளர் உரிமைத்தொகையை வசூலித்துத் தரும் அமைப்பில் உறுப்பினராகிப் பாட்டைப் பதியுங்கள். மின்னல் வானொலியிலோ ராகா வானொலியிலோ ஒலித்தால் படைப்பாளர் பங்கு அதன் வழியாகத்தான் வரும். அதற்கு முன், யாருக்கு எத்தனை விழுக்காடு என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். உறுமி அடித்தவரின் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.