கவுண்டரில் கையெழுத்துப் போடும் முன்: வாடகைக் கார் கேள்வி – பதில்

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸில் மகள் வீட்டுக்குப் போகிறோம். பத்து நாள் கார் எடுத்து ஓட்ட ஆசை. “கவுண்டரில் எந்த இன்சூரன்ஸும் வேண்டாம்னு சொல்லிடுங்க மாமா, என் கிரெடிட் கார்டு பார்த்துக்கும்” என்கிறார் மருமகன். நம்பலாமா? – வாசகர், மதுரை

பதில்: மருமகன் சொல்வது பாதி சரி. ஆபத்து மீதிப் பாதியில் இருக்கிறது. அமெரிக்க கிரெடிட் கார்டு தரும் பாதுகாப்பு, நீங்கள் வாடகைக்கு எடுத்த காருக்கு மட்டுமே. கார் இடிபட்டால், திருடுபோனால் அந்தச் செலவை ஏற்கும். நீங்கள் இடித்த அடுத்தவர் காருக்கும், காயம்பட்டவரின் மருத்துவச் செலவுக்கும் ஒரு சென்ட் தராது. அமெரிக்காவில் குடும்பங்களைக் கடனில் தள்ளுவது இந்த இரண்டாவது செலவுதான்.

கலிஃபோர்னியாவில் கட்டாயக் குறைந்தபட்சப் பொறுப்புக் காப்பீடு (நீங்கள் அடுத்தவருக்கு ஏற்படுத்தும் காயத்துக்கும் சேதத்துக்குமானது), 2025 ஜனவரி 1 முதல், ஒருவருக்குக் காயம் என்றால் 30,000 டாலர், ஒரு விபத்தில் பலருக்குக் காயம் என்றால் 60,000, சொத்துச் சேதத்துக்கு 15,000. உயர்த்திய பிறகும் இது மிகக் குறைவு. ஒரு அறுவை சிகிச்சையிலேயே கரைந்துவிடும். அதனால் கவுண்டரில் ‘எஸ்.எல்.ஐ.’ என்று விற்கும் கூடுதல் பொறுப்புக் காப்பீட்டை யோசிக்காமல் மறுக்காதீர்கள்.

மருமகனின் கார்டைப் பயன்படுத்த வேண்டுமானால் ஒப்பந்தத்தில் முதன்மை ஓட்டுநராக அவர் பெயர் இருக்க வேண்டும். முழு வாடகையும் அந்தக் கார்டில் போக வேண்டும். வாடகை கம்பெனி விற்கும் சேத விலக்கை, அதாவது கார் சேதமானால் உங்களிடம் பணம் கேட்கமாட்டோம் என்ற ‘எல்.டி.டபிள்யூ.’ அல்லது ‘சி.டி.டபிள்யூ.’ ஏற்பாட்டை, அவர் மறுத்திருக்க வேண்டும். நீங்கள் கூடுதல் ஓட்டுநராகப் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருந்தால் அவர் கார்டு எவ்வளவு உயர்ந்ததானாலும் பயனில்லை. அவருடைய சொந்தக் காரின் பாலிசி, வாடகைக் காரை நீங்கள் ஓட்டும்போதும் பொறுப்பேற்குமா என்று ஏஜென்டிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

நீங்களே எடுப்பதானால் இந்தியாவிலிருந்தே பதிவு செய்யுங்கள். வசிக்கும் நாடு இந்தியா என்று போட்டால், சேத விலக்கும் பொறுப்புக் காப்பீடும் சேர்ந்த கட்டணங்களைப் பல கம்பெனிகள் காட்டும். வவுச்சரில் எல்.டி.டபிள்யூ., எஸ்.எல்.ஐ. இரண்டும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்து அச்செடுத்துக்கொள்ளுங்கள். இந்திய கிரெடிட் கார்டில் ‘பயணக் காப்பீடு’ என்று இருப்பது பெரும்பாலும் பெட்டி தொலைவது, விமான விபத்து போன்றவற்றுக்கு. அதை நம்பிக் காரை எடுக்காதீர்கள். ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிவிடுங்கள். ஓராண்டு செல்லும். அசல் லைசென்ஸ் இல்லாமல் அது மட்டும் போதாது.

கேள்வி: அமெரிக்க விசா கார்டு வைத்திருக்கிறேன். அயர்லாந்தில் ஒரு வாரம் கார் எடுக்கிறோம். கார்டு காப்பாற்றுமா? – வாசகி, சான் ஹோசே

பதில்: நல்லவேளை, போகும் முன்பே கேட்டீர்கள். பல விசா, மாஸ்டர்கார்டு கார்டுகளில் அயர்லாந்து, இஸ்ரேல், ஜமைக்கா மூன்றும் நெடுங்காலமாகவே பாதுகாப்பு கிடைக்காத நாடுகளின் பட்டியலில் இருப்பவை. அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் ஆஸ்திரேலியா, இத்தாலி, நியூசிலாந்து. சில உயர்நிலை கார்டுகளுக்கு இந்தத் தடை கிடையாது. கார்டின் பின்புற எண்ணில் கூப்பிட்டு, கார்டின் காப்பீட்டைக் கவனிக்கும் ‘பயன் நிர்வாகி’யிடம் நாட்டின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். உண்டு என்றால் அதைக் கடிதமாகக் கேட்டு வாங்குங்கள். அயர்லாந்து கவுண்டர்களில் அதைக் கேட்பார்கள். கடிதம் காட்டினாலும் கார்டில் சில ஆயிரம் யூரோவை முன்பணமாக முடக்கி வைப்பார்கள். கடன் வரம்பில் அவ்வளவு இடம் இருக்கட்டும்.

உங்கள் கலிஃபோர்னியா கார் பாலிசி பொதுவாக அமெரிக்கா, கனடாவைத் தாண்டாது. ஆனால் அடுத்தவருக்கான பொறுப்புக் காப்பீடு ஐரோப்பாவில் சட்டப்படி வாடகையிலேயே சேர்ந்திருக்கும். அங்கே சேத விலக்கும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். ஆனால் முதல் ஆயிரம், இரண்டாயிரம் யூரோ உங்கள் தலையில். கண்ணாடி, டயர், அடிப்பகுதி பல ஒப்பந்தங்களில் விலக்கப்பட்டிருக்கும். அயர்லாந்தின் குறுகிய கிராமச் சாலைகளில் கல்சுவரை உரசி அடிபடுவதே டயரும் பக்கக் கண்ணாடியும் என்பதால், கார்டின் பாதுகாப்பு இல்லாவிட்டால் கம்பெனியின் முழுச் சேத விலக்கை வாங்கிவிடுங்கள். விலை உறுத்தும்தான். அந்த நாட்டில் அதை மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: எங்கள் ஒன்டாரியோ பாலிசியில் ஓ.பி.சி.எஃப். 27 இருக்கிறது. இத்தாலியில் செல்லுமா? – வாசகர், ஸ்கார்பரோ

பதில்: செல்லாது. வாடகைக் காரின் சேதத்துக்கான அந்த இணைப்பு கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும்தான். இத்தாலிக்குக் கார்டைப் பாருங்கள். கனடாவின் பல கார்டுகளில் வரம்பு 48 நாள். வாடகை அதைத் தாண்டினால் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு இல்லை. காரின் பட்டியல் விலைக்கும் உச்சவரம்பு உண்டு, பல கார்டுகளில் 65,000 கனடா டாலர்.

கேள்வி: போர்ச்சுகலில் எடுத்த காரில் பம்பர் கீறல். ஊர் திரும்பிய பிறகு பழுதுச் செலவோடு ‘பயன் இழப்பு’ என்றும் பில் வந்திருக்கிறது. – வாசகர், டல்லஸ்

பதில்: பணம் கட்டும் முன் கார்டின் பயன் நிர்வாகியிடம் இன்றே தெரிவியுங்கள். பல விசா கார்டுகளில் சேதம் நடந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் தகவல், 90 நாளுக்குள் படிவம், 365 நாளுக்குள் மீதி ஆவணங்கள். சேர்க்க வேண்டியவை: எடுத்தபோதும் திருப்பியபோதும் உள்ள ஒப்பந்தம், விபத்து அறிக்கை, வரிவரியான பழுது மதிப்பீடு, கம்பெனியின் கோரிக்கைக் கடிதம், சேதத்தின் படங்கள், வாடகை அந்தக் கார்டில் போனதைக் காட்டும் அறிக்கை.

பழுது பார்த்த நாள்களில் அந்தக் காரை வாடகைக்கு விட முடியாமல் போனதற்கான தொகைதான் பயன் இழப்பு. அந்த நாள்களில் அவர்களுடைய மற்ற கார்கள் எத்தனை ஓடின என்று காட்டும் பதிவேடு இல்லாமல் பல கார்டுகள் இதைத் தருவதில்லை. ஆகவே கம்பெனியிடம் அந்தப் பதிவேட்டை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், மறுத்த மின்னஞ்சலையும் கோரிக்கையோடு இணையுங்கள். அடிபட்டதால் காரின் விலை குறைந்தது என்று ‘மதிப்புக் குறைவு’ தனி வரியாக இருந்தால் அதைக் கார்டு பொதுவாக ஏற்காது. எந்த ஒப்பந்த விதிப்படி அதைக் கேட்கிறார்கள் என்று அவர்களிடமே விளக்கம் கேளுங்கள்.