டியோபேயில் பைத்தான், சர்வேயில் ஜாவாஸ்கிரிப்ட், கிட்ஹப்பில் டைப்ஸ்கிரிப்ட்: இதில் எதை நம்புவது?

எந்தப் புரோகிராமிங் மொழி பிரபலம் என்று சொல்லும் பட்டியல்களில், டியோபேயில் பைத்தான், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ (புரோகிராமர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் தளம்) நடத்தும் சர்வேயில் ஜாவாஸ்கிரிப்ட், கிட்ஹப்பில் (கோடைச் சேமித்துப் பகிரும் தளம்) டைப்ஸ்கிரிப்ட் என்று மூன்று இடத்தில் மூன்று மொழி முதலிடத்தில் இருக்கிறது, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுமே சரிதான், ஆனால் மூன்றும் ஒரே விஷயத்தை அளக்கவில்லை. ஒன்று இணையத்தில் அந்த மொழியைப் பற்றி எத்தனை பக்கங்கள் இருக்கின்றன என்று எண்ணுகிறது, இன்னொன்று டெவலப்பர்களிடமே கேட்கிறது, மற்றொன்று யார் யார் எந்த மொழியில் கோட் ஏற்றுகிறார்கள் என்று பார்க்கிறது. அதனால் எந்தப் பட்டியலைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது அவர்கள் எதை எண்ணினார்கள் என்பதைத்தான், இடவரிசையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டியோபேயையே எடுத்துக்கொள்வோம், செய்திகளில் அதிகம் அடிபடுவது அதுதான். நெதர்லாந்தைச் சேர்ந்த நிறுவனம், 2001 முதல் வெளியிடுகிறார்கள். கூகுள், பிங், விக்கிபீடியா, அமேசான் என்று பல தளங்களில், மொழியின் பெயரோடு 'புரோகிராமிங்' என்ற சொல்லைச் சேர்த்து மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுகிறார்கள். எத்தனை முடிவுகள் என்று வருகிறதோ அதை எடுத்து, எல்லா மொழிகளுக்கும் வந்த மொத்தத்தில் இது எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுகிறார்கள், அவ்வளவுதான். தேடுபொறி காட்டும் அந்த எண்ணிக்கையே ஒரு தோராயம், அவர்கள் உள்ளே ஏதாவது மாற்றினால் உலகத்தில் ஒருவர்கூடத் தன் கோடை மாற்றாமலே மொழிகள் ஏறி இறங்கும். பத்து வருடத்துக்கு முன் எழுதிக் கைவிட்ட பக்கமும் அதில் ஒன்றாகச் சேரும். 2016 தொடக்கத்தில் சுமார் 16 சதவீதம் இருந்த சி மொழி, 2017 ஆகஸ்டில் ஏழுக்கும் கீழே போய், 2018இல் மறுபடி 15ஐத் தாண்டியது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் அந்தக் காலம் முழுக்க சி மொழியில்தான் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. இந்த ஒரு உதாரணத்துக்காகவே, ஒரு மாத ஏற்ற இறக்கத்தை வைத்து 'இந்த மொழி செத்துவிட்டது' என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும்.

பிஒய்பிஎல் என்று இன்னொரு பட்டியல் இருக்கிறது, அது 'டுடோரியல்' என்று சேர்த்துக் கூகுளில் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதைப் பார்க்கிறது. புதிதாகக் கற்க வருகிறவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதற்கு நல்ல அளவுகோல். ஆனால் பதினைந்து வருடமாக ஜாவாவில் சம்பாதிக்கிறவர் டுடோரியல் தேட மாட்டாரே, அவர் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்.

சரி, தேடலை விட்டுவிட்டு நேராகக் கோடையே எண்ணினால்? கிட்ஹப்பில் ஒவ்வொரு ரெப்போ (ஒரு திட்டத்தின் கோப்புகள் எல்லாம் இருக்கும் தொகுப்பு) பக்கத்திலும் வண்ணப் பட்டையில் மொழிகளின் சதவீதம் காட்டுவார்கள் இல்லையா, அதைப் போடுவது லிங்விஸ்ட் என்ற நிரல். அது எண்ணுவது பைட், அதாவது கோப்புகளின் அளவு. டேட்டா சயின்ஸ் ரெப்போ ஒன்றைத் திறந்து பாருங்கள்: பைத்தான் கோப்புகள் முப்பது இருக்கும், ஜூபிடர் நோட்புக் (கோடும் அதன் விடைகளும் படங்களும் ஒன்றாக இருக்கும் கோப்பு) ஒன்றே ஒன்றுதான் இருக்கும், ஆனால் பட்டை கிட்டத்தட்ட முழுவதும் ஜூபிடர் நோட்புக் என்று சொல்லும். நோட்புக்கில் வரைந்த வரைபடங்கள் எல்லாம் அதே கோப்புக்குள் எழுத்தாக மாற்றிச் சேமிக்கப்படுவதுதான் காரணம். அங்கே எண்ணப்பட்டது கோட் அல்ல, படம். கிட்ஹப்பின் ஆண்டறிக்கை பைட்டை விட்டுவிட்டு ஆட்களை எண்ணுகிறது, அது கொஞ்சம் நியாயமான வழி. 2024இல் பைத்தான் ஜாவாஸ்கிரிப்டை முந்தியது, 2025 ஆகஸ்டில் டைப்ஸ்கிரிப்ட் இரண்டையும் முந்தியது என்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

ஆனாலும் அது கிட்ஹப்பில் இருப்பவர்களின் கணக்கு. வங்கிகளின் மெயின்ஃபிரேம் என்ற பெரிய கணினிகளில் ஓடும் கோபால் (COBOL) மொழிக் கோட் எந்தப் பொது ரெப்போவிலும் இல்லை, அதைப் பற்றி யாரும் வீடியோ போடுவதும் இல்லை. 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலையிழந்தோர் உதவித்தொகைக்கு விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் கோபால் தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். எந்தப் பட்டியலிலும் மேலே இல்லாத 1959ஆம் வருட மொழி அது. இணையதளங்களின் சர்வரில் ஓடும் பிஹெச்பி மொழியும் கிட்டத்தட்ட அப்படித்தான், சர்வர் மொழி எது என்று தெரிந்த இணையதளங்களில் 70 சதவீதத்துக்கு மேல் இன்னமும் அதில்தான் ஓடுகின்றன.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ சர்வேயில் எனக்குப் பிடித்தது, பயன்படுத்துவதையும் பிடித்திருப்பதையும் தனித்தனியாகக் கேட்பது. 2024இல் ரஸ்ட் மொழியைப் பயன்படுத்தியவர்களில் சுமார் 83 சதவீதம் பேர் அதிலேயே தொடர விரும்பினார்கள், ஆனால் பதில் சொன்ன மொத்தப் பேரில் அதைப் பயன்படுத்தியவர்கள் 13 சதவீதம்கூட இல்லை. 'அதிகம் விரும்பப்படும் மொழி' என்ற தலைப்பை மட்டும் படித்துவிட்டு வேலை கொட்டிக் கிடக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. இன்னொரு விஷயம், ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேட்கப்படும் கேள்விகளையும் கிட்ஹப்பையும் சேர்த்துத் தரவரிசை போடுகிறது ரெட்மாங்க் என்ற ஆய்வு நிறுவனம். சாட்ஜிபிடி வந்த பிறகு ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேள்வி கேட்பதே பெருமளவு குறைந்துவிட்டது, அதனால் அந்தப் பாதி அளவுகோல் வருடத்துக்கு வருடம் பலவீனமாகிறது.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பட்டியலில் இரண்டு இடம் இறங்கியதைக் காட்டி ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தை வேறு மொழிக்கு மாற்றலாம் என்று மீட்டிங் போட்டார்கள். ஐந்தாம் இடத்துக்கும் ஏழாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. முதல் பத்தில் இருப்பதற்கும் ஐம்பதாவதாக இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு, ஒரே பட்டியலில் ஐந்து வருடம் தொடர்ந்து ஒரே திசையில் நகர்வதற்கும் அர்த்தம் உண்டு. ஒரு பட்டியலின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடுவது வீண் வேலை.

உங்கள் கேள்வி வேலைக்காக என்றால் இதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, நீங்கள் சேர விரும்பும் வேலைக்கான விளம்பரங்களை ஐம்பது எடுத்து, ஒவ்வொன்றிலும் கேட்கப்படும் மொழிகளைக் கையால் எண்ணுங்கள். ஐ ட்ரிபிள் ஈ ஸ்பெக்ட்ரம் (IEEE Spectrum) என்ற தொழில்நுட்ப இதழ் வேலைகளுக்கென்று தனிப் பட்டியல் போடுகிறது, அதில் 2022, 2023 இரண்டு வருடமும் முதலிடம் டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்க உதவும் எஸ்க்யூஎல்லுக்குத்தான். நீங்கள் சொன்ன மூன்று மொழிகளில் எதை எடுத்தாலும் அதோடு எஸ்க்யூஎல்லையும் படித்துவிடுங்கள், உங்கள் ஐம்பது விளம்பரத்திலும் அது அடிக்கடி தென்படும்.