கேம்பர் வேனின் கழிவுத் தொட்டி காலியாகாதது ஏன்?

தங்கிப் பயணிக்கும் உங்கள் கேம்பர் வேனில், கழிப்பறைக் கழிவு சேரும் தொட்டியின் வால்வை முதலில் மூடிவிடுங்கள். காரைக்குடி வீட்டு முற்றத்தில் வேனை நிறுத்தி, குழாயைச் செப்டிக் டேங்கில் இணைத்து, பத்து நாளாக வால்வைத் திறந்தே வைத்தும் தொட்டி நிறைந்ததாகக் காட்டுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் அந்தத் திறந்த வால்வுதான் காரணம்.

நீர் மட்டும் உடனுக்குடன் வடிந்துவிட, திடக்கழிவும் காகிதமும் கழிப்பறைக்கு நேர்கீழே குவிந்து, நம் பக்கத்து வெயிலில் களிமண்போல் இறுகிவிடுகின்றன. குளியல் நீருக்கான தனித் தொட்டியில் இந்தத் தொல்லை இல்லை.

கழிப்பறைத் துவாரத்தின் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். மேடு தெரிந்தால், தொட்டியில் பாதிக்குமேல் நீர் ஊற்றி, ஓரிரவு ஊறவிட்டு, மறுநாள் குழாயைக் கழற்றி, வாய்க்கு மூடியிட்டு, தேவகோட்டை வரை நிதானமாக ஓட்டித் திரும்பிய பிறகு வால்வைத் திறங்கள். ஒரே முறையில் கரைந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மேடு இல்லாமலும் நிறைந்ததாகக் காட்டினால், தொட்டியின் அளவைக் காட்டும் சென்சாரில் அழுக்கு படிந்திருக்கும்.

ஆசிட் ஊற்றாதீர்கள், வால்வின் ரப்பரும் கெடும், செப்டிக் டேங்கின் நுண்ணுயிர்களும் மடியும். அவசரமென்று ஊரணியின் வரத்துக்கால் பக்கம் திறந்துவிடுவது கூடவே கூடாது, மழைநீர் அவ்வழியாகத்தான் ஊரணிக்குப் போகிறது.