உட்கார ஒரு ஸ்டூல்

அன்புள்ள ஐயா,

நாற்காலிதான் நம்மை நோயாளியாக்குகிறது என்று நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். என் அக்கா மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷனில் வேலை பார்க்கிறாள். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பது மணிக்குத்தான் கடையை விட்டு இறங்குவாள். சாப்பிடும் அரைமணி நேரம் தவிர உட்கார முடியாது. கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்கிறது. போன மாதம் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது என்று டாக்டரிடம் போனோம். "உடம்புக்கு வேலையே கொடுக்கிறதில்லை போலிருக்கே, தினமும் அரைமணி நேரம் நடங்க" என்றார். அக்கா அங்கே ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அழுதாள். நாள் முழுக்க நிற்கிறவளுக்கும் இதே அறிவுரைதானா? இவ்வளவு நின்றும் ஏன் இப்படி ஆகிறது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கட்டுரையை எழுதும்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும்தான் என் மனதில் இருந்தார்கள். உங்கள் அக்காவைப் போன்றவர்களை நான் நினைக்கவே இல்லை. அது என் தவறு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உட்கார்ந்தே இருப்பது இதயத்துக்குக் கெடுதல் என்ற பேச்சுக்கு வலுவான தொடக்கம் லண்டன் பேருந்துகளில் இருக்கிறது. ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் லண்டன் போக்குவரத்து ஊழியர்கள் சுமார் 31,000 பேரின் நோய்க் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 1953-இல் முடிவுகள் வெளிவந்தன. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் ஒரே பஸ், ஒரே ரோடு, ஏறக்குறைய ஒரே வர்க்கம். ஆனால் டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் உடனே உயிர் போவது இன்னும் குறைவு. டிரைவர் தன் வேலை நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு உட்கார்ந்தே இருந்தார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மாடி பஸ்ஸின் படிகளை ஒரு நாளைக்கு 500 முதல் 750 வரை ஏறினார்.

மோரிஸ் அதோடு விட்டுவிடவில்லை. யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்த இடுப்பளவுகளை வாங்கிப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே டிரைவர்களின் இடுப்பு பெரிதாக இருந்தது. அப்படியானால் எல்லாப் பழியையும் இருக்கை மேல் போட முடியாது. தன் முடிவைத் தானே சந்தேகப்பட்டு அதையும் அச்சில் போட்ட அந்த நேர்மைக்காக எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கண்டக்டரைக் காப்பாற்றியதில் படிகளுக்குப் பங்கு உண்டு. சும்மா நின்றிருந்தால் அந்தப் பலன் கிடைத்திருக்காது. நாமோ காலப்போக்கில் படிகளை மறந்துவிட்டு "உட்காராதே" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

ஒரு சேலைக் கடையை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வாங்க வந்த குடும்பம் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது. எதிரே நிற்கும் பெண் ஒரு சேலையை உதறி விரிக்கிறார், முந்தானையைக் காட்டுகிறார், தோளில் போட்டுக் காட்டுகிறார். நாற்பதாவது சேலையில் "வேற டிசைன் இல்லையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். நாற்பதையும் அவர் மடிக்க வேண்டும். கைகள் ஓயவில்லை. கால்கள் மட்டும் அதே மூன்றடி இடத்தில். கூட்டமில்லாத மத்தியான நேரத்திலும் அப்படியேதான்.

கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலில் இறங்கிய ரத்தம் நன்றாக மேலே ஏறும். நடந்தால் அது தானாக நடக்கும். ஒரே இடத்தில் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும், நாளங்கள் வீங்கும். நரம்பு சுருட்டிக்கொள்வது என்கிறோமே, அது இந்த நாளங்கள்தான். நிற்பதற்குச் செலவாகும் சக்தியும் உட்கார்ந்திருப்பதைவிடச் சொற்பமே அதிகம். அதனால் சர்க்கரையைக் கரைக்கும் வேலையும் பெரிதாக நடப்பதில்லை. உடம்பு ஓய்ந்துபோகிறது, ஆனால் நடந்தால் கிடைக்கிற பலன் வரவில்லை. நீங்கள் கேட்ட "ஏன்" என்பதற்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இதுதான்.

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் வேலைக்குப் போகிற 7,300-க்கும் மேற்பட்டவர்களைப் 12 ஆண்டுகள் கவனித்தார்கள். பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட, பெரும்பாலும் நின்றே வேலை செய்தவர்களுக்கு இதயநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. டென்மார்க்கில், கோபன்ஹேகன் வட்டாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்து 2021-இல் வெளியான ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. ஓய்வு நேரத்தில் விரும்பி ஓடியாடுபவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். வேலையில் கடும் உடலுழைப்பு செய்கிறவர்களிடம் மரணம் கூடுகிறது. அதற்கு வறுமையும் காரணம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அந்த ஆய்வு வருமானம், புகைபிடித்தல் போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் மிச்சமிருந்தது. விரும்பி நடப்பவர் களைத்தால் நிறுத்திக்கொள்வார். உங்கள் அக்கா நிறுத்தினால் சூப்பர்வைசர் வந்துவிடுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களின் தொடையில் கருவி கட்டி அளந்து பார்த்தார்கள். அவர்களும் பகலில் பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓய்வில்தான் இருக்கிறார்கள். அதில் நிறைய நேரம் குத்தவைத்தோ மண்டியிட்டோ இருப்பதால் கால் தசைகள் சும்மா இருப்பதில்லை. மற்ற நேரத்தில் நன்றாக நடக்கிறார்கள். ஓய்வு அவர்களுக்கு வெட்கப்படும் காரியமாக இல்லை.

நம் ஊர்க் கணக்கும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் எடுக்கப்பட்டு 2014-இல் வெளியானது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் போதிய உடலியக்கம் இல்லை. பொழுதுபோக்காக நடப்பதோ விளையாடுவதோ பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. இந்த எண்களை வைத்து மக்களைச் சோம்பேறிகள் என்று நானும் எழுதியிருக்கிறேன். இரவு ஒன்பது மணிக்குக் கடையை விட்டு இறங்குகிற பெண் எப்போது நடப்பார், எந்தத் தெருவில் நடப்பார் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜியும் அவருடைய 'பெண்கூட்டு' அமைப்பும் கடைப் பெண்களுக்கு உட்காரும் உரிமை கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். கேரளத்தில் 2018-இல் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஊழியர் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்கார்ந்துகொள்ள முடிய வேண்டும் என்பதே அதன் சாரம்.

டாக்டரிடம் மறுபடி போங்கள். பதினொரு மணி நேரம் நிற்கிறாள் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், காலையும் காட்டுங்கள். நடக்கச் சொன்னதைத் தவறென்று நான் சொல்லவில்லை, சர்க்கரைக்கு நடை தேவைதான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அக்கா முதலில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுக்கட்டும். கடையில் நிற்கும்போது குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்கட்டும். கெண்டைக்கால் தசைக்கு அந்த அளவாவது அசைவு கிடைக்கும். நடை, விடுமுறை நாளில் காலை வெயிலுக்கு முன், அவளுக்குப் பிடித்த வேகத்தில், நீங்களும் கூடப் போங்கள்.

அப்புறம், அவள் நிற்கிற செக்‌ஷனில் கவுண்டருக்கு உள்ளே ஸ்டூல் இருக்கிறதா, இருந்தால் அதில் உட்கார விடுகிறார்களா? எனக்கு எழுதுங்கள். இல்லையென்றால் தொழிலாளர் துறைக்கு மனு எழுத நான் உதவுகிறேன், அக்காவின் பெயர் வராமல்.