ஏழு வயதில் ஒரு ராஜா, எட்டு வயதில் ஒரு ராஜா

கேள்வி: ஒரே வருடத்தில் வேதாகமம் முழுவதையும் வாசித்து முடிக்கும் அட்டவணைப்படி தினமும் காலையில் வாசிக்கிறேன். 2 சாமுவேல் வரை ஆர்வமாகப் போனது. இராஜாக்கள் ஆகமங்களுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். ஆளுக்கு ஆள் 'கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாப்பானதைச் செய்தான்' என்றே வருகிறது. இதை விட்டுவிட்டுச் சங்கீதத்துக்குப் போகலாமா?
- ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: போகாதீர்கள் அம்மா. இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

சிறு வயதில் எனக்கும் அந்த அதிகாரங்கள் அப்படித்தான் இருந்தன. குடும்ப ஜெபத்தில் அப்பா சத்தமாக வாசிப்பார். 'தன் பிதாக்களோடே நித்திரையடைந்தான்' என்று வந்தால் ஒரு ராஜா முடிந்தார், அடுத்தவர் வருகிறார் என்று தெரியும். அவ்வளவுதான் மனதில் நின்றது.

பிறகு ஆசிரியை ஆனேன். பல வருடம் மூன்றாம் வகுப்பு எடுத்தேன். ஒருநாள் விடியற்காலையில் 2 இராஜாக்கள் 22ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். யோசியா ராஜாவானபோது வயது எட்டு என்று முதல் வசனமே சொல்கிறது. எட்டு வயதென்றால் என் வகுப்புப் பிள்ளை! அழிப்பான் காணோம் என்று அழுகிற வயது. ஒரு பக்கம் முன்னால் திருப்பினேன். அவனுடைய அப்பா ஆமோனை அரமனையிலேயே ஊழியக்காரர் கொன்றுபோட்டார்கள். அன்று ராத்திரி அந்தக் குழந்தை யார் மடியில் படுத்திருந்ததோ! அன்றைக்கு அதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

அதிலிருந்து வயதைப் பார்த்துப் பார்த்து வாசிக்கிறேன். யோவாஸ் ராஜாவானது ஏழு வயதில். பாட்டி அத்தாலியாள் ராஜவம்சத்தையே கொன்று தீர்த்தபோது, அத்தை யோசேபாள் அவனைத் திருடி எடுத்துக்கொண்டு போய் ஆறு வருடம் ஆலயத்தில் ஒளித்து வளர்த்தாள். அந்த யோவாஸ் பின்னாளில், தன்னைக் காப்பாற்றிய ஆசாரியன் யோய்தாவின் மகனையே கல்லெறிந்து கொல்லச் சொன்னான். யோசியாவோ 26 வயதில், ஆலயத்தில் அகப்பட்ட நியாயப்பிரமாண புஸ்தகத்தை (மோசேயின் சட்டப் புஸ்தகம்) ராஜாவின் எழுத்தர் சாப்பான் வாசிக்கக் கேட்டதும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான். கர்த்தரிடம் விசாரித்துவர அவன் ஆள் அனுப்பினது உல்தாள் என்ற பெண் தீர்க்கதரிசியிடம். இதை நம் பெண்கள் கூட்டங்களில் யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

இன்னொன்று. ராஜாவாகிறவன் நியாயப்பிரமாணத்தைத் தனக்காக ஒரு பிரதி எழுதி, உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசிக்க வேண்டும் என்கிறது உபாகமம் 17. யோசியாவின் காலத்தில் அந்தப் புஸ்தகம் இருந்த இடமே தெரியாமல் போயிருந்தது! வாசிக்கச் சோர்வாக இருக்கிற நாளில் நான் நாலு வசனத்தை நோட்டில் எழுதுகிறேன். கை மெதுவாகப் போனால் கண்ணும் மெதுவாகப் போகிறது.

கேள்வி: யோராம் இரண்டு பேர், யோவாஸ் இரண்டு பேர், அகசியா இரண்டு பேர். யார் எந்த நாட்டு ராஜா என்று எப்படி நினைவில் வைப்பது?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் இஸ்ரவேல், வலப்பக்கம் யூதா. சாலொமோனின் மகன் ரெகொபெயாம் ஜனங்களின் பாரத்தைக் குறைக்க மறுத்து, ராஜ்யம் இரண்டாகப் பிரிந்த 1 இராஜாக்கள் 12இல் தொடங்குங்கள். இடப்பக்கம் 19 பேர் வருவார்கள், கி.மு. 722இல் தலைநகர் சமாரியா விழுந்ததும் அந்தப் பக்கம் முடிந்துவிடும். வலப்பக்கம் 19 ராஜாக்களும் நடுவில் அத்தாலியாளும். அது கி.மு. 586இல் எருசலேமோடு முடியும். யூதா ராஜாக்களுக்குப் பெரும்பாலும் தாயின் பேரும் கொடுத்திருக்கும். அதையும் எழுதுங்கள்.

கேள்வி: மனாசே கடைசிவரை கெட்டவன் என்றே 2 இராஜாக்கள் 21 சொல்கிறது. 2 நாளாகமம் 33இல் அவன் மனந்திரும்புகிறான். எதை எடுத்துக்கொள்வது?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: இரண்டையும். ராஜ்யம் ஏன் அழிந்தது என்று சொல்ல வந்தது இராஜாக்கள். நாளாகமமோ, வீட்டுக்குத் திரும்பலாம் என்று பெர்சிய ராஜா கோரேஸ் சொன்ன சொல்லோடு முடிகிறது. சங்கிலியோடு பாபிலோனுக்குப் போய்த் திரும்பி வந்த ஒருவனின் கதை, சிறையிருப்பிலிருந்து வந்த ஜனத்துக்கு எவ்வளவு வேண்டியிருந்திருக்கும்!

எனக்கும் வேண்டியிருந்தது. மனாசே, எசேக்கியாவின் மகன். ஆலயத்தைச் சுத்தம்பண்ணின நல்ல ராஜா எசேக்கியா. சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது 15 வருடம் ஆயுசு கூட்டி வாங்கினவர். மனாசே ராஜாவானபோது வயது 12. வசனத்தை அப்படியே எடுத்துக் கணக்குப் போட்டால், கூட்டிக்கொடுத்த அந்த வருடங்களில் பிறந்த பிள்ளை. என் மகன் ஆலயத்துக்கு வராமல் போய் நாலு வருடம் ஆகிறது. எங்கே தவறினோம் என்று நானும் அவன் அப்பாவும் பேசாத ராத்திரி இல்லை. எசேக்கியா வீட்டிலும் இது நடந்தது என்று பார்த்த காலையில், கொஞ்ச நேரம் புத்தகத்தின்மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மனாசேயின் தாய் பேர் எப்சிபாள். நோட்டில் வலப்பக்கம், அவள் பேருக்குக் கீழே என் மகன் பேரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.