ஒலிக்கூடம்: ஸ்டக்காட்டோ கேட்டால் ட்ரெமலோ வருகிறது!

கேள்வி: கியூபேஸ் என்ற இசை மென்பொருளில் இசையமைக்கிறேன். என்னிடம் மூன்று நிறுவனங்களின் ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரிகள் (வயலின் போன்ற வாத்தியங்களின் பதிவு செய்த ஒலித் தொகுப்புகள்) இருக்கின்றன. மூன்றிலும் கீஸ்விட்ச்கள் (வாசிப்புப் பாணியை மாற்றும் விசைகள்) வெவ்வேறு இடங்களில். எந்தப் பாணிக்கு எந்தக் கீஸ்விட்ச் என்று கியூபேஸுக்குச் சொல்லும் எக்ஸ்பிரஷன் மேப்பைக் கையால் எழுதப் பொறுமையில்லாமல், ஒரு லைப்ரரியின் பெயரைச் சொல்லி ஏ.ஐ. உதவியாளரிடம் கேட்டேன். கோப்பு ஒன்றைத் தந்தது. கியூபேஸும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஸ்டக்காட்டோவை (சுரங்களைத் துண்டு துண்டாக வாசிப்பது) தேர்ந்தெடுத்தால் ட்ரெமலோ (ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப வாசிப்பது) ஒலிக்கிறது. இதை நம்பலாமா, கூடாதா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: பெயரை மட்டும் சொல்லி எண்களை வாங்கியிருக்கிறீர்கள், கோளாறு அங்கேதான். வழி கேட்டால் ‘தெரியாது’ என்று சொல்ல மனமில்லாமல் ஏதோ ஒரு திசையில் கை காட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஏ.ஐ.யும் இந்த விஷயத்தில் அந்த ரகம். பெரும்பாலான லைப்ரரிகளில் எந்த வரிசை வழக்கமோ அதை உங்களுடையதிலும் இருப்பதாக எழுதிவிடும். எண்களை நீங்கள் கொடுத்தால் கதையே வேறு.

எனவே முதலில் லைப்ரரியின் கையேட்டை எடுங்கள். அல்லது லைப்ரரியை இயக்கும் கான்டாக்ட் மென்பொருளில் திறந்து, திரையிலுள்ள விசைப்பலகையில் நிறம் மாறியிருக்கும் கீஸ்விட்ச்களை ஒவ்வொன்றாக அழுத்திக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நான் கையேட்டை விடக் காதையே நம்புவேன். கையேடு அச்சான பிறகு லைப்ரரி புதுப்பிக்கப்பட்டிருக்கலாம். கீஸ்விட்ச்களை நீங்களே என்றோ நகர்த்தி வைத்திருக்கவும் கூடும்.

குறிக்கும்போது சுரத்தின் பெயரோடு மிடி எண்ணையும் (கணினி இசையில் ஒவ்வொரு விசைக்கும் உள்ள எண்) எழுதுங்கள். இது முக்கியம். நடு சி-யின் மிடி எண் 60 என்பதில் யாருக்கும் சண்டையில்லை. அதை யமஹா மரபு சி3 என்கிறது, ரோலண்ட் மரபு சி4 என்கிறது, எஃப்.எல். ஸ்டுடியோவோ சி5 என்று காட்டுகிறது. கியூபேஸும் கான்டாக்டும் சி3 கட்சி. அந்தக் கணக்கில் சி0 என்பது 24. ஏ.ஐ. சி4 கட்சியில் சேர்ந்துகொண்டு அதே சி0-வுக்கு 12 என்று எழுதினால், மேப் முழுவதும் ஓர் ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே போய்விடும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒலி மாறவேயில்லை என்றால் முதலில் ஆக்டேவைச் சந்தேகியுங்கள். உங்களுக்கு வேறொரு ஆர்ட்டிகுலேஷன் (வாசிப்புப் பாணி) ஒலிக்கிறது என்பதால் பெரும்பாலும் வரிசைதான் தவறு.

அடுத்து, கோப்பை வெறுங்கையால் எழுதச் சொல்லாதீர்கள். இரண்டே ஆர்ட்டிகுலேஷன்கள் கொண்ட மேப் ஒன்றைக் கியூபேஸிலேயே செய்து சேமியுங்கள். அது எக்ஸ்எம்எல் கோப்பு; சாதாரண நோட்பேடிலேயே திறக்கும். அதையும் உங்கள் பட்டியலையும் கொடுத்து, ‘இதே அமைப்பில் மீதியைச் சேர், அடையாள எண்கள் எதுவும் இரண்டு முறை வரக்கூடாது’ என்று சொல்லுங்கள். பதினைந்து ஆர்ட்டிகுலேஷன்களைக் கையால் தட்டும் சலிப்பு மிச்சம்.

மூன்று லைப்ரரி என்கிறீர்களே, உண்மையான லாபம் அங்கேதான் இருக்கிறது. ஒருவர் ‘ஷார்ட்’ என்பார், இன்னொருவர் ‘ஸ்பிக்காட்டோ’ என்பார், மூன்றாமவர் வெறும் இரண்டெழுத்துச் சுருக்கம் போட்டிருப்பார். மூன்று பட்டியல்களையும் கொடுத்து ஒரே பெயர், ஒரே வரிசை கேளுங்கள். நான் நீள ஒலிகளை முதலிலும், குறு ஒலிகளை அடுத்தும், பிட்ஸிகாட்டோவை (தந்தியை விரலால் மீட்டுவது) பிறகும், ட்ரெமலோ, ட்ரில் வகைகளைக் கடைசியிலும் வைப்பேன். வாங்கிய நாள் முதல் தொடாத ஆர்ட்டிகுலேஷன்களுக்கு மேப்பில் இடம் கொடுக்க மாட்டேன்.

வயலினுக்குச் செய்ததையே செல்லோவுக்கும் நகலெடுக்கச் சொன்னால் கவனம். வயலினின் மிகக் கீழான சுரம் 55. அதன் கீழே இடம் தாராளம். செல்லோ 36 வரை இறங்கும். டபுள் பேஸ் 28 வரை. வயலினில் 24 முதல் 40 வரை வைத்த கீஸ்விட்ச்களைச் செல்லோவில் அப்படியே போட்டால், வாசிக்கும் சுரமே ஆர்ட்டிகுலேஷனை மாற்றிவிடும். இந்த எல்லைகளைச் சொல்லி ‘எங்கே மோதுகிறது?’ என்று கேளுங்கள். அந்தச் சரிபார்ப்பை ஏ.ஐ. நன்றாகவே செய்கிறது. டபுள் பேஸுக்கு நான் கீஸ்விட்ச்களை மேலே தூக்கி வைத்துவிடுவேன்.

இன்னொன்று: ஏ.ஐ. தரும் மேப்பில் எல்லாமே ‘டைரக்ஷன்’ என்று இருக்கிறதா பாருங்கள். டைரக்ஷன் அடுத்த மாற்றம் வரும்வரை நீடிக்கும். ‘அட்ரிபியூட்’ அந்த ஒரு சுரத்தோடு ஒட்டியிருக்கும். குறு ஒலிகளை அட்ரிபியூட் ஆக்கினால், சுரங்களை வெட்டி வேறிடத்தில் ஒட்டும்போது ஆர்ட்டிகுலேஷனும் கூடவே வரும்.

கேள்வி: லெகாட்டோ (சுரங்களை இணைத்து வாசிப்பது) தாளத்துக்குப் பிந்தி ஒலிக்கிறது. டிராக்குக்கு எதிர்மறை டிலே (சற்று முன்னதாகவே ஒலிக்கச் செய்யும் அமைப்பு) கொடுக்கும்படி ஏ.ஐ. சொன்னது. கொடுத்தேன். லெகாட்டோ சரியானது, ஸ்டக்காட்டோ முந்திக்கொண்டது.
- வாசகி, மதுரை

பதில்: டிராக் டிலே அந்த டிராக்கில் உள்ள எல்லாவற்றையும் நகர்த்தும். லெகாட்டோவில் ஒரு சுரத்திலிருந்து மற்றதற்கு நகரும் ஒலியும் பதிவாகியிருப்பதால் அது பிந்துகிறது. ஸ்டக்காட்டோவுக்கு அந்தச் சுமை மிகக் குறைவு. நீள ஒலிகளுக்கு ஒரு டிராக், குறு ஒலிகளுக்கு ஒரு டிராக் என்று பிரித்துவிடுங்கள். எத்தனை மில்லி விநாடி என்பதை ஏ.ஐ.யிடம் கேட்காதீர்கள். ஒரு வரியை ஆடியோவாக எடுத்து, திரையிலுள்ள தாளக் கட்டத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து பாருங்கள்.

கேள்வி: கமகங்களையும் கீஸ்விட்ச் ஆக்க ஏ.ஐ. உதவுமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: மேப் எழுதித் தரும். அதில் வைக்கச் சரக்கு வேண்டுமே! தோடிக்கும் கரகரப்பிரியாவுக்கும் அதே சாதாரண காந்தாரம், கீபோர்டில் அதே விசை. ஆனால் தோடியில் அது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஊசலாடும். ‘காந்தார கமகம்’ என்று ஒரே கீஸ்விட்ச் போட்டால் இரண்டில் ஒரு ராகம் கெடும். வைப்ரேட்டோ (சுர அசைவு) இல்லாத ஆர்ட்டிகுலேஷனை எடுத்து, பிட்ச் பெண்ட் (சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் சக்கரம்) எல்லையை இருபுறமும் இரண்டு அரைச்சுரமாக வைத்துச் சக்கரத்தால் நீங்களே வாசியுங்கள். தோடி காந்தாரத்துக்கு அந்த வீச்சு போதும். பதிவு செய்த சொந்தப் பிடிகள் (ராகத்தின் சிறு சுரத் தொடர்கள்) இருந்தால், ராகம், சுருதி, வேகம் என்று ஒரே ஒழுங்கில் கோப்புகளுக்குப் பெயர் மாற்றும் வேலையை ஏ.ஐ.யிடம் விட்டுவிடலாம்.